'நைஸ்' என்ற ஆங்கிலச் சொல்: பிறப்பும் பொருள் மாற்றமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறை காதில் விழும் சொல் 'நைஸ்'. சாப்பாடு, சட்டை, வானிலை, மனிதர் என எதற்கும் அது பொருந்துகிறது. பழைய நூல்களில் அதே சொல் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

'நைஸ்' என்றால் முதலில் 'முட்டாள்' என்று பொருள் இருந்ததாமே, உண்மையா?

உண்மைதான். 1300ஆம் ஆண்டை ஒட்டிப் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்போது அதற்குப் பேதை, விவரம் தெரியாதவர், அறிவில்லாதவர் என்றே பொருள். பிரெஞ்சிலும் அதே பொருள்தான். பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் லத்தீனின் 'நெஸ்கியுஸ்'. அதில் 'நெ' என்பது இன்மையைக் குறிக்கும், 'ஸ்கீரே' என்பது அறிதலைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் 'அறியாதவன்'. தமிழில் 'அறியான்' என்ற சொல்லின் நடுவில் எதிர்மறை உட்கார்ந்திருக்கிறது. லத்தீனில் அது முன்னால் நிற்கிறது, அவ்வளவே வேறுபாடு.

அறிதலைக் குறிக்கும் அதே லத்தீன் வினையிலிருந்துதான் 'சயின்ஸ்', மனசாட்சியைக் குறிக்கும் 'கான்ஷியன்ஸ்' ஆகியவையும் வந்தன. ஆக 'சயின்ஸ்' அறிவின் பக்கம் பிறந்தது, 'நைஸ்' அறியாமையின் பக்கம் பிறந்தது. வேர் ஒன்றுதான்.

ஸ்பானிய மொழி பழைய பொருளை இன்றும் விடவில்லை. அதே 'நெஸ்கியுஸ்' அங்கே 'நெஸியோ' ஆகியிருக்கிறது. ஒருவரை 'நெஸியோ' என்றால் முட்டாள், பிடிவாதக்காரர் என்றே அர்த்தம். ஆங்கிலத்தில் மட்டும் அந்தச் சொல் எங்கோ போய்விட்டது.

அந்தக் காலத்தில் எப்படி உச்சரித்தார்கள்?

ஏறத்தாழ 'நீஸ்' என்று. ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு நெடில் உயிர்கள் இடம்பெயர்ந்தன. அப்போது 'ஈ' என்று ஒலித்தது 'ஐ' ஆனது. 'டைம்', 'லைஃப்', 'ஒயிட்' ஆகியவையும் அப்படி மாறியவையே. எழுத்துக்கூட்டல் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது, ஒலி நகர்ந்துவிட்டது.

பழைய பொருளில் யார் எழுதியிருக்கிறார்கள்? ஓர் எடுத்துக்காட்டு கிடைக்குமா?

இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறெந்தச் சொல்லுக்கும் கிடைக்காது. 1380களில் ஜெஃப்ரி சாசர் எழுதிய 'ட்ராய்லஸ் அண்ட் கிரிசைடு' என்ற நெடும்பாடலின் இரண்டாம் பகுதித் தொடக்கத்தில், மொழி மாறுவதைப் பற்றியே சில வரிகள் வருகின்றன. ஆயிரம் ஆண்டுக்குள் பேச்சின் வடிவம் மாறிவிடுகிறது. அன்று மதிப்போடு இருந்த சொற்கள் இன்று நமக்குப் பேதைமையாகவும் விந்தையாகவும் படுகின்றன. ஆனாலும் அவர்கள் அப்படித்தான் பேசினார்கள் என்கிறார் சாசர்.

அந்த இடத்தில் 'பேதைமையாக' என்பதற்கு அவர் போட்ட சொல் 'நைஸ்'. பழஞ்சொற்கள் நமக்கு 'நைஸாக' இருக்கின்றன என்று இன்றைய வாசகர் படித்தால் கருத்து தலைகீழாகிவிடும். சொற்கள் மாறிவிடும் என்று சொல்வதற்கு அவர் எடுத்த சொல்லே பின்னாளில் முழுதாக மாறிப்போயிற்று. ஆங்கில மொழி வரலாறு கற்பிப்பவர்கள் முதல் வகுப்பிலேயே இந்த நான்கு வரிகளைக் கரும்பலகையில் எழுத வேண்டும் என்போம்.

முட்டாளிலிருந்து இனிமைக்கு எப்படி வந்தது? நடுவில் என்ன நடந்தது?

ஒரே தாவலில் வரவில்லை. இருபுறமும் பாலம் இல்லாததுபோலத் தோன்றும். நடுவில் உள்ள பொருள்களை வரிசையாக வைத்தால் ஒவ்வொரு அடியும் சிறியதுதான்.

விவரம் தெரியாதவர் புதிய இடத்தில் தயங்குவார், கூச்சப்படுவார். ஆகவே 'நைஸ்' கூச்ச சுபாவத்தையும் கோழைத்தனத்தையும் குறித்தது. கூச்சப்படுபவர் எளிதில் ஒன்றை ஏற்கமாட்டார். அது வேண்டாம், இது சரியில்லை என்பார். இப்படி எதிலும் குறை காண்பவர், எளிதில் திருப்தி அடையாதவர் என்ற பொருள் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தெரிகிறது. மென்மையானது, நொய்தானது என்ற பொருளும் 1400ஐ ஒட்டி வருகிறது.

திருப்பம் இங்கேதான். எளிதில் திருப்தி அடையாத குணத்தைப் பிடிக்காதவர் 'நொட்டை சொல்கிறான்' என்பார். பிடித்தவர் 'நல்ல ரசனை உள்ளவன்' என்பார். குணம் ஒன்றே, பார்க்கும் கண் வேறு. 16ஆம் நூற்றாண்டில் கவனம், துல்லியம், நுட்பம் என்ற பொருள்கள் நிலைபெறுகின்றன. ரசனையுள்ள ஒருவரால் மட்டுமே பிரித்தறியக்கூடிய வேறுபாடு 'நைஸ்' வேறுபாடு ஆகிறது. அதாவது மனிதருக்கு இருந்த அடை, அவர் கையாளும் பொருளுக்கு மாறிவிட்டது.

பிறகு நுட்பமான ரசனைக்கு உகந்தது எதுவோ அது 'நைஸ்'. அப்படி உகந்தது எல்லாருக்கும் பிடித்தது ஆயிற்று. இனிமையான, மகிழ்ச்சி தரும் என்ற பொருளுக்கு ஆங்கில அகராதிகள் காட்டும் ஆண்டு 1769. அதன்பின் சொல் மறுபடி மனிதரிடம் திரும்பியது: அன்பானவர், பிறரை மதித்து நடப்பவர் என்ற பொருள் 1830ஐ ஒட்டித் தெரிகிறது. மனிதரில் தொடங்கி, பொருளுக்குப் போய், மனிதருக்கே திரும்பிய பயணம் இது. தொடங்கும்போது வசை, திரும்பும்போது பாராட்டு.

இன்னொரு கிளையும் உண்டு. பேதைமை, கட்டுப்பாடின்மை என்ற பக்கமாக வளர்ந்து, ஆடம்பரமான, ஒழுக்கம் தளர்ந்த என்ற பொருளையும் 'நைஸ்' கொஞ்ச காலம் சுமந்தது. கூச்சமுள்ள பெண்ணும் 'நைஸ்', கூச்சமற்ற பெண்ணும் 'நைஸ்' என்ற நிலை ஒரே காலத்தில் இருந்தது. அந்தக் கிளை பட்டுப்போயிற்று.

அப்படியானால் ஒவ்வொரு பொருளும் முடிந்த பிறகு அடுத்தது வந்ததா?

இல்லை. ஆண்டுகளை வரிசையாகப் பார்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இது. அகராதி தரும் ஆண்டு, அந்தப் பொருளில் எழுத்தில் கிடைத்த முதல் சான்றின் ஆண்டு மட்டுமே. பேச்சில் அதற்கு முன்பே இருந்திருக்கும். பழைய பொருளும் உடனே சாகாது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐந்தாறு பொருள்கள் ஒரே நேரத்தில் புழங்கின. அந்தக் கால எடுத்துக்காட்டுகள் பலவற்றில் எழுதியவர் எந்தப் பொருளை நினைத்தார் என்று சொல்வதே கடினம் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியே குறித்திருக்கிறது. அத்தனை சான்றுகளையும் திரட்டி வைத்திருந்த அகராதிக்கே அந்தத் தயக்கம் இருந்தால், ஒரு வாக்கியத்தைப் பார்த்து நாம் அவசரப்படக் கூடாது.

ஷேக்ஸ்பியர் நாடகங்களில் 'நைஸ்' வந்தால் எப்படிப் புரிந்துகொள்வது?

'இனிமையான' என்ற பொருளை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அந்தப் பொருளுக்கு எழுத்துச் சான்று அவர் இறந்து 150 ஆண்டுகளுக்குப் பிறகுதான் கிடைக்கிறது.

'ரோமியோ ஜூலியட்' மூன்றாம் அங்கம் முதல் காட்சியில், சண்டை எப்படி மூண்டது என்று பென்வோலியோ இளவரசனிடம் விளக்குகிறான். அந்தப் பூசல் எவ்வளவு 'நைஸ்' என்று எண்ணிப் பார்க்கும்படி ரோமியோ டிபால்ட்டிடம் கேட்டுக்கொண்டானாம். இங்கே பொருள் 'அற்பமான'. ஐந்தாம் அங்கம் இரண்டாம் காட்சியில், ரோமியோவுக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும் பாதிரியார் லாரன்ஸ் பதறுகிறார்: அந்தக் கடிதம் 'நைஸ்' அல்ல, முக்கியமான செய்தி தாங்கியது என்கிறார். 'அது இனிமையான கடிதம் அல்ல' என்று மொழிபெயர்த்தால், கதையின் முடிவையே தீர்மானிக்கும் ஒரு வரி வீணாகிவிடும். 'அது சாதாரணக் கடிதம் இல்லை' என்பதே சரி.

'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தின் கடைசிக் காட்சியில் வேறு பொருள். திருமணத்துக்கு முன் முத்தமிடுவது பிரெஞ்சுப் பெண்களின் வழக்கமில்லை என்று இளவரசி கேதரின் சொல்ல, 'நைஸ்' வழக்கங்கள் பேரரசர்களுக்கு முன் தலைவணங்கும் என்கிறான் ஹென்றி. இங்கே 'நுணுகி நுணுகிப் பார்க்கிற', 'கறாரான' என்று கொள்ள வேண்டும். ஒரே ஆசிரியர், ஒரே சொல். ஒரு நாடகத்தில் அற்பம், இன்னொன்றில் கண்டிப்பு.

பழைய ஆங்கில நூலில் சொல்லைப் பார்த்ததும் சரியான பொருளைக் கண்டுபிடிக்க ஏதாவது முறை உண்டா?

உண்டு. நூல் எழுதப்பட்ட ஆண்டை முதலில் பாருங்கள்; மறுபதிப்பின் ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1769க்கு முன்பு என்றால் 'இனிமை'யைக் கடைசியாகத்தான் பரிசீலிக்க வேண்டும். அடுத்து, 'நைஸ்' எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கிறது என்று பாருங்கள். காது, கண், தராசு, கணக்கு, வேறுபாடு, வாதம் ஆகியவற்றோடு வந்தால் பெரும்பாலும் 'நுட்பமான'. உணவு, உடை, வயிறு, பழக்கம் ஆகியவற்றோடு வந்தால் 'எளிதில் ஒப்பாத', 'பார்த்துப் பார்த்துத் தேர்கிற'. மனிதரோடு வந்தால்தான் குழப்பம் அதிகம்.

பிறகு பேதையான, கூச்சமுள்ள, குறைகாண்கிற, நொய்தான, துல்லியமான, அற்பமான, இனிமையான என்ற ஏழு பொருள்களையும் ஒவ்வொன்றாக வாக்கியத்தில் போட்டுப் படியுங்கள். நான்கைந்து உடனே விழுந்துவிடும். மிஞ்சும் இரண்டில் எது என்பதை முன்பின் வரிகள் சொல்லும், குறிப்பாக 'ஆனால்', 'மாறாக' என்று தொடங்கும் எதிர்நிலை. லாரன்ஸின் வரியில் 'முக்கியமான செய்தி தாங்கியது' என்ற எதிர்நிலைதான் 'அற்பம்' என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

கடைசியாக, வரலாற்று முறையில் அமைந்த அகராதியில் அதே நூற்றாண்டின் மேற்கோள்களோடு ஒப்பிடுங்கள். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதி 18ஆம் நூற்றாண்டு நூல்களுக்கு நல்ல துணை. அதில் 'நைஸ்' சொல்லுக்கு முதல் பொருளாகவே, மிக நுண்ணிய அளவுவரை துல்லியமாகத் தீர்ப்புச் செய்வது என்று இருக்கிறது. அன்றைய படித்தவர் மனத்தில் எது முன்னால் நின்றது என்பதற்கு அது போதுமான சான்று.

ஜேன் ஆஸ்டென் இந்தச் சொல்லைக் கேலி செய்தார் என்கிறார்களே?

அவருடைய பாத்திரம் ஒன்று செய்கிறது. 'நார்த்தாங்கர் அபி' நாவல் அவர் இறந்த 1817ஆம் ஆண்டின் டிசம்பரில், முகப்பில் 1818 என்ற ஆண்டோடு வெளிவந்தது. அதன் 14ஆம் அத்தியாயத்தில் நாவலின் நாயகி கேதரின் ஒரு கதைப் புத்தகத்தை மிகவும் 'நைஸ்' என்று புகழ, ஹென்றி டில்னி விடமாட்டேன் என்கிறான். மிக நேர்த்தியானது என்கிறீர்களா, அது புத்தகக் கட்டைப் பொறுத்தது அல்லவா என்று கேட்கிறான். எதற்கும் உதவும் சொல்லாக அது ஆகிவிட்டது. முதலில் நேர்த்தி, பண்பு, மென்மை, நயம் ஆகியவற்றை மட்டுமே அது குறித்திருக்கக்கூடும் என்பது அவன் வாதம்.

இந்தக் காட்சியைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் உள்ள பிழையை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நேர்த்தி இந்தச் சொல்லின் முதல் பொருள் அல்ல. டில்னிக்கு 500 ஆண்டுகளுக்கு முன் அது பேதைமையைக் குறித்தது. முந்தைய தலைமுறையின் பொருளை அவன் மூலப்பொருள் என்று எடுத்துக்கொண்டான். சொல் கெட்டுவிட்டது என்று வருந்துபவர்கள் எல்லா மொழியிலும் இதையே செய்கிறார்கள்: தாம் சிறுவயதில் கற்ற பொருளைத் தொன்மையானது என்று நம்புகிறார்கள்.

1926இல் தம் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியை வெளியிட்ட ஹென்றி ஃபௌலரும் இதே வருத்தத்தைப் பதிவு செய்தார். 'நைஸ்' தன் தனித்தன்மையை இழந்து, மங்கலான ஓர் இதத்தை மட்டும் பரப்பும் சொல்லாகிவிட்டது என்பது அவர் குறை. அதற்குப் பழியைப் பெண்கள்மேல் போட்டார். அதை நாங்கள் ஏற்கவில்லை. சொல் வெளிறிப்போவது ஆண், பெண் என்று பார்த்து நடப்பதில்லை. அடிக்கடி புழங்கும் பாராட்டுச் சொல் எதுவானாலும் தேயும்.

'நைஸ்' என்பதன் உண்மையான பொருள் முட்டாள்தான், எனவே யாரையும் அப்படிச் சொல்லக் கூடாது என்று ஒரு செய்தி சுற்றுகிறதே?

அது தவறு. பிறப்பு உண்மை, முடிவு தவறு. ஒரு சொல்லுக்கு இன்றைய பொருள் என்பது இன்று பேசுபவர்களும் கேட்பவர்களும் ஒத்துக்கொண்டிருக்கும் பொருள்தான். தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணம் என்றும் பொருள் இருந்தது. திருமாலின் வெண்சங்கிடம், அவன் வாய் கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ என்று ஆண்டாள் கேட்டது அன்பின் மிகுதியில். இன்று ஒருவர் வீட்டுக்குப் போய் 'உங்கள் சமையல் நாறுகிறது' என்று சொல்லிவிட்டு, பழைய பொருளில் சொன்னேன் என்றால் எடுபடுமா? அதே நியாயம்தான் இங்கேயும்.

இதுபோலப் பொருள் மாறிய வேறு ஆங்கிலச் சொற்கள் எவை?

'நைஸ்' ஏறிய அதே படியில் எதிர்த்திசையில் இறங்கியது 'சில்லி'. பழைய ஆங்கிலத்தில் அது மகிழ்ச்சியானவர், பேறு பெற்றவர் என்று பொருள்பட்டது. பிறகு களங்கமற்றவர், பாவம், இரங்கத்தக்கவர், கடைசியில் அசடு. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான 'ஸேலிஷ்' இன்றும் பேறு பெற்றவர் என்ற பொருளிலேயே இருக்கிறது. 'அப்பாவி' என்று நாம் ஒருவரைச் சொல்லும்போது அதில் இரக்கமும் கொஞ்சம் ஏளனமும் கலந்திருப்பதை நினைத்தால் இந்த இறக்கம் எளிதில் புரியும்.

'ஃபாண்ட்' முட்டாள்தனத்தில் தொடங்கிப் பாசத்தில் முடிந்தது. 'ப்ரிட்டி' தந்திரமான என்ற பொருளில் தொடங்கிக் கெட்டிக்காரத்தனம் வழியாக அழகை அடைந்தது. பொருள் உயர்வதும் தாழ்வதும் ஒருபுறம். வெறும் அழுத்தச் சொல்லாகத் தேய்வது மறுபுறம். அச்சத்தைக் குறித்த 'டெரிஃபிக்' இன்று பாராட்டு. தமிழில் 'பயங்கரமா இருக்கு' என்று பிரியாணியைப் புகழ்வதும் அதே வகைதான்.

பழைய பொருள் ஏதாவது இன்றைய ஆங்கிலத்தில் மிச்சம் இருக்கிறதா?

நுட்பம் என்ற பொருள் உயிரோடு இருக்கிறது. 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் நுண்ணிய வேறுபாடு. நீதிமன்றத் தீர்ப்புகளிலும் சட்ட நூல்களிலும் 'எ நைஸ் கொஸ்சன் ஆஃப் லா' என்று வரும். அதை 'நல்ல சட்டக் கேள்வி' என்று தமிழாக்கினால் பிழை. 'நுட்பமான சட்டச் சிக்கல்' என்றே எழுத வேண்டும். 'நைசிட்டி' என்ற பெயர்ச்சொல்லும் இந்தப் பக்கத்தது. பன்மையில் வந்தால் நுணுக்கங்கள், சம்பிரதாய மரியாதைகள் என்று பொருள். உச்சரிக்கும்போது மூன்று அசை. 'நைஸ்டி' என்று சுருக்கக் கூடாது. ஒன்று 'டு எ நைசிட்டி' பொருந்துகிறது என்றால் மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது என்று அர்த்தம். இனிய குணத்தைச் சொல்ல வேண்டுமானால் 'நைஸ்னெஸ்'. இரண்டையும் மாற்றிப் போடுவது தேர்வுத்தாள்களில் சாதாரணமாகப் பார்க்கும் பிழை.

'நைஸ் அண்ட் வார்ம்' என்கிறார்களே, அங்கே என்ன வேலை செய்கிறது?

அங்கே அது தனிப் பாராட்டு அல்ல. அடுத்து வரும் பண்பு தேவையான அளவுக்கு, இதமான அளவுக்கு இருக்கிறது என்று காட்டுகிறது. அறை 'நைஸ் அண்ட் வார்ம்' என்றால் இதமான கதகதப்பு. 'நைஸ் அண்ட் ஏர்லி' வா என்றால் நேரத்தோடு, சாவகாசமாக வா. ஓர் இலக்கணக் கட்டுப்பாடு உண்டு: இந்தத் தொடர் வினைக்குப் பின்னால்தான் இயல்பாக நிற்கும். பெயருக்கு முன்னால் வைக்கும்போது 'அண்ட்' போய்விடும். 'எ நைஸ் வார்ம் ரூம்' என்பதே சரி. பெயருக்கு முன் பல அடைகள் வந்தால் 'நைஸ்' முதலில் நிற்கும். அளவு, வயது, நிறம் எல்லாம் அதன் பின்னால்.

பேச்சில் எங்கே தவறு நேர்கிறது?

முதல் முறை சந்திப்பவரிடம் 'நைஸ் டு மீட் யூ'. ஏற்கெனவே தெரிந்தவரை மறுபடி பார்க்கும்போது 'நைஸ் டு ஸீ யூ'. பழகியவரிடம் முதலாவதைச் சொன்னால், உங்களை எனக்கு நினைவில்லை என்று சொன்னதுபோல் ஆகிவிடும்.

'நைஸ் ஆஃப் யூ', 'நைஸ் டு யூ', 'நைஸ் ஃபார் யூ' மூன்றும் ஒன்றல்ல. முதலாவது, நீங்கள் செய்தது உங்கள் நல்ல மனதைக் காட்டுகிறது என்பது. இரண்டாவது, யாரோ உங்களிடம் அன்பாக நடந்துகொண்டார்கள் என்பது. மூன்றாவது, அது உங்களுக்கு நன்மையாக அமைந்தது என்பது. குரல் கொஞ்சம் தட்டையாக இருந்தால் பொறாமையாகவோ எரிச்சலாகவோகூடக் கேட்கும்.

பிரிட்டனில் ஒருவர் உங்கள் சமையலைச் சாப்பிட்டுவிட்டு 'இட்ஸ் நைஸ்' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது மிதமான பாராட்டே. 'வெரி', 'ரியலி' போன்ற அழுத்தமும் குரலில் ஏற்றமும் சேர்ந்தால்தான் மனம் நிறைந்த பாராட்டு. நேர் எதிர்ப்பொருளிலும் வரும்: குழப்பத்தில் மாட்டிவிட்டவரைப் பார்த்து 'எ நைஸ் மெஸ்' என்றால் அழகான குழப்பம் அல்ல. 'நல்லா செஞ்சே போ' என்று நாம் சொல்வோமே, அந்தத் தொனி.

கட்டுரையில் 'நைஸ்' எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுகிறார். அது நியாயமா?

பாதி நியாயம். பிழை என்று அடித்தால் நியாயமில்லை. தகவல் இல்லை என்று அடித்தால் நியாயம். 'நைஸ் வீடு' என்று படிப்பவருக்கு வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியவராது. காற்றோட்டமா, வெளிச்சமா, அமைதியா? எது பிடித்தது என்று கேட்டுக்கொண்டு அந்தப் பண்பையே எழுதினால் போதும். அகராதியைப் புரட்டி 'டிலைட்ஃபுல்', 'ப்ளெசன்ட்' என்று மாற்றிப் போடுவதால் எந்தப் பயனும் இல்லை; அவையும் அதே அளவு மங்கல்தான். உரையாடலை எழுதும்போதும் நண்பருக்குக் கடிதம் எழுதும்போதும் 'நைஸ்' இயல்பானது. அங்கே கையை வைக்க வேண்டாம்.

தமிழில் 'நைசா அரை', 'நைசா நழுவிட்டான்' என்கிறோமே. அது இதே சொல்லா?

அதே ஆங்கிலச் சொல்தான், ஆனால் தமிழுக்கு வந்து தனக்கென்று வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டது. சமையலறையில் 'நைஸ்' என்றால் திப்பி இல்லாமல், மழமழவென்று. தேங்காய்ச் சட்னியை நைசாக அரைக்கலாம், கொரகொரப்பாகவும் அரைக்கலாம்; அடைக்கு ஒன்றிரண்டாகத்தான் அரைக்க வேண்டும். துணி நைசாக இருக்கிறது என்றால் கைக்கு வழவழப்பாக, மெல்லியதாக இருக்கிறது என்பது. வழவழப்பிலிருந்து பேச்சுக்கும் நடத்தைக்கும் போனது: 'நைசாப் பேசி வாங்கிட்டான்', 'நைசா நழுவிட்டா', 'நைசா எடுத்துட்டுப் போயிட்டான்'. உராய்வு இல்லாமல், யாருக்கும் தெரியாமல், தந்திரமாக.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் மென்மை, நுண்மை என்ற பொருள் இருந்ததால், தமிழ் அதைத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று சொல்ல ஆசையாக இருக்கும். பொருள் ஒத்திருப்பதை மட்டும் வைத்து வழித்தொடர்பு சொல்லக் கூடாது. தமிழில் நசுங்கிக் குழைவதைக் குறிக்கும் 'நை' என்ற வினை, 'நையப் புடைத்தல்' என்ற தொடரில் இருப்பது, ஒலியில் ஒட்டி நிற்கிறது. அதைக் கொண்டு 'நைஸ்' தமிழ்ச்சொல் என்று வாதிடுவதும் அதே வகைத் தவறு.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது மொழிபெயர்ப்பு. தமிழ் 'நைசு'க்கு ஆங்கில 'நைஸ்' சரிவராது. மாவை நைசாக அரைக்க வேண்டும் என்பதற்கு 'ஸ்மூத்', தூளை நைசாகப் பொடிக்க வேண்டும் என்பதற்கு 'ஃபைன்'. 'க்ரைண்ட் இட் நைஸ்' என்று சமையல் குறிப்பில் எழுதினால் வெளிநாட்டு வாசகருக்கு எந்தப் பதம் என்று தெரியாது. நைசாகப் பேசினான் என்பதை 'டாக்ட் நைஸ்லி' என்று எழுதினால் அவன் நல்லவனாகிவிடுவான். தந்திரம் காணாமல் போய்விடும். அங்கே 'ஸ்வீட்-டாக்ட்' பொருந்தும்.

பிரான்சின் 'நீஸ்' நகரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் ஒன்றே, பிறப்பு வேறு. நகரத்தின் பெயர் கிரேக்கக் குடியேறிகள் வைத்த 'நிகாயா'விலிருந்து வந்தது. அதன் வேர் வெற்றியைக் குறிக்கும் 'நிகே'. சர்க்கரை தூவிய தேங்காய் மணமுள்ள பிஸ்கட்டை நம் கடைகளில் 'நைஸ்' என்றே கேட்கிறோம். பிரிட்டனில் அதை நகரத்தின் பெயர்போல 'நீஸ்' என்று சொல்பவர்களும் உண்டு.

கணினியில் 'நைஸ்' என்ற கட்டளை இருக்கிறது. அதற்கு ஏன் அந்தப் பெயர்?

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் அது ஒரு நிரல் மற்ற நிரல்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லும். மனிதருக்கு வந்த கடைசிப் பொருள், அதாவது பிறரை மதித்து நடப்பது, அப்படியே இங்கே பயன்பட்டிருக்கிறது. லினக்ஸில் மதிப்பு –20 முதல் 19 வரை. எண் கூடினால் அந்த நிரல் அதிகம் விட்டுக்கொடுக்கும், அதாவது முன்னுரிமை குறையும். எண் பெரிதென்றால் வேகம் பெரிது என்று நினைத்து 19 கொடுத்துவிட்டு, நிரல் ஆமையாக நகர்கிறதே என்று கேட்பவர்கள் பலர். எண் எதுவும் தராமல் 'நைஸ்' கட்டளைக்குப் பின் நிரலின் பெயரை மட்டும் தந்தால் மதிப்பு 10 கூடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு 'ரீநைஸ்' பயன்படுத்த வேண்டும். சாதாரணப் பயனர் தம் நிரலின் மதிப்பை ஏற்றலாம். சுழிக்குக் கீழே இறக்கக் கணினி நிர்வாகியின் அனுமதி தேவை.